கருத்தரிக்க முயலும் காலத்தில் எந்த லூப்ரிகன்ட்? ஓர் ஒப்பீடு

உடலுறவின்போது உராய்வைக் குறைக்கத் தடவும் லூப்ரிகன்ட் ஜெல் பயன்படுத்தினால் கரு தங்காமல் போய்விடுமா என்ற கேள்விக்கு ஆய்வுக்கூடம் ஒரு பதிலைச் சொல்கிறது. குழந்தைக்காக முயன்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் வேறொரு பதிலைச் சொல்கின்றன. முதல் பதிலை மட்டும் படித்தவர்கள் தாங்கள் முன்பு பயன்படுத்திய ஜெல்லை நினைத்து அஞ்சுகிறார்கள். இரண்டாவதை மட்டும் படித்தவர்கள் எதைப் பயன்படுத்தினாலும் ஒன்றுதான் என்று முடிவு கட்டுகிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் எந்தத் தம்பதிக்கு எது பொருந்தும் என்பது தெளிவாகும்.

முதலில், இந்தக் காலத்தில் யோனி வறட்சி ஏன் இவ்வளவு பேருக்கு வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சினைமுட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் சேர்ந்த ஆறு நாட்களில்தான் கருத்தரிக்க வாய்ப்பு உண்டு என்பதால், விருப்பம் எழும்போது கூடிய இருவர் இப்போது நாள் குறித்துக் கூடத் தொடங்குகிறார்கள். களைப்பாக இருந்தாலும், மனம் இசையாவிட்டாலும், இன்று தவறினால் ஒரு மாதம் போய்விடும் என்ற எண்ணம் இருவரையும் அழுத்துகிறது. மனம் தயாராவதற்கு முன்பே உடல் தயாராக வேண்டியிருப்பதால் பெண்ணுக்குப் போதிய ஈரம் சுரப்பதில்லை. ஆணுக்கும் விறைப்பில் தடுமாற்றம் வரலாம். இதோடு, சினைமுட்டை வளர்ச்சியைத் தூண்டுவதற்காகத் தரப்படும் க்ளோமிஃபீன் மாத்திரை சிலருக்குக் கருப்பைவாய்ச் சளியைக் குறைத்துவிடுகிறது. ஜலதோஷம், ஒவ்வாமை ஆகியவற்றுக்கான ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகளும், தாய்ப்பால் ஊட்டும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருப்பதும் வறட்சிக்குக் காரணமாகலாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனெனில் பல பெண்களின் மனவேதனைக்கு அதுவே காரணமாக இருக்கிறது. கிளர்ச்சியின்போது யோனிச் சுவர்களில் ஊறும் ஈரம் வேறு. சினைமுட்டை வெளிப்படும் நாட்களை ஒட்டிக் கருப்பை வாயில் சுரக்கும், பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக நீளும் சளி வேறு. முன்னது உடலுறவை இதமாக்குகிறது. பின்னது விந்தணுக்களுக்கு வழிவிடுகிறது. உறவின்போது வறட்சி இருப்பதால் மட்டும் கருப்பைவாய்ச் சளி இல்லை என்றோ, கருத்தரிக்கும் திறன் குறைந்துவிட்டது என்றோ பொருள் இல்லை.

விந்தணு எதைத் தாங்கும், எதைத் தாங்காது

யோனியின் இயல்பான பி.எச். அளவு ஏறக்குறைய 3.8 முதல் 4.5 வரை, அதாவது நல்ல அமிலத்தன்மை. விந்துவின் அளவு 7.2 முதல் 8 வரை, அதாவது மெல்லிய காரத்தன்மை. விந்து யோனிக்குள் சேர்ந்ததும் அந்த அமிலத்தைச் சிறிது நேரம் தணித்து வைக்கிறது. அந்த இடைவெளியில், சில நிமிடங்களிலேயே, வேகமாக நீந்தும் விந்தணுக்கள் கருப்பைவாய்ச் சளிக்குள் நுழைந்துவிடுகின்றன. உள்ளே போனவை ஐந்து நாட்கள் வரைகூட உயிருடன் இருக்கும். யோனியிலேயே தங்கிவிட்டவை சில மணி நேரத்தில் மடியும். அமிலத்தன்மை கொண்ட ஜெல் யோனியின் நலத்துக்கு ஏற்றதாக இருந்தும் விந்தணுவுக்கு ஏற்றதாக இல்லாமல் போவதற்கு இதுவே காரணம்.

பி.எச். அளவைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது, ஆனால் பெரும்பாலான உறைகளில் அச்சிடப்படாதது, கரைசலின் செறிவைக் குறிக்கும் ஆஸ்மோலாலிட்டி என்ற அளவு. விந்துவில் அது ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 300 முதல் 380 மில்லிஆஸ்மோல் வரை இருக்கிறது. கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் போன்றவை தாராளமாகச் சேர்க்கப்பட்ட ஜெல்களில் அது 1,000-ஐத் தாண்டுவது சாதாரணம். சிலவற்றில் அதைவிடப் பல மடங்கு. அத்தகைய செறிவுக்குள் விழும் விந்தணுவிலிருந்து நீர் வெளியேறி, செல் சுருங்கி, வாலின் அசைவு நின்றுபோகிறது. செறிவே இல்லாத வெறும் தண்ணீரில் நேர்மாறாக நடக்கிறது: நீர் உள்ளே புகுந்து செல் வீங்க, வால் சுருண்டுகொள்கிறது. செறிவு குறைந்த கரைசலில் வால் சுருள்வதைப் பார்த்து விந்தணுவின் உறை சிதையாமல் இருக்கிறதா என்று கண்டறியும் சோதனைகூட ஆய்வுக்கூடங்களில் உண்டு. வழுக்குவதற்குத் தண்ணீர் தடவிக்கொண்டால் போதும் என்ற யோசனை சரியல்ல என்பதற்கும் இதுவே காரணம். தவிரவும் தண்ணீர் விரைவில் உலர்ந்து உராய்வை அதிகமாக்கிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பு, லூப்ரிகன்ட்களின் ஆஸ்மோலாலிட்டி 380-ஐத் தாண்டாமல் இருப்பதே நல்லது என்றும், அத்தகைய பொருட்கள் பரவலாகக் கிடைக்காத நிலையில் 1,200 வரை ஏற்கலாம் என்றும் கூறியது. அதன் அக்கறை விந்தணுவைப் பற்றியது அல்ல. செறிவு மிகுந்த ஜெல் உடலின் மென்மையான உட்சவ்வை உரிக்கக்கூடும் என்பதைப் பற்றியது. ஆயினும் அந்த எண் விந்துவின் அளவோடு ஒத்துப்போவதால், கருத்தரிக்க முயல்பவர்களுக்கும் அது நல்ல வழிகாட்டியாகிறது.

கண்ணாடிக் கிண்ணமும் உடலும்

ஆய்வுக்கூடச் சோதனையில் விந்தை ஒரு கிண்ணத்தில் வைத்து, அதில் குறிப்பிட்ட விகிதத்தில் ஜெல்லைக் கலந்து, நுண்ணோக்கியில் விந்தணுக்களின் நகர்திறனை, அதாவது நீந்திச் செல்லும் திறனை, கணக்கிடுகிறார்கள். ஆஸ்ட்ரோகிளைட், கே-ஒய் ஜெல்லி போன்ற நீர் சார்ந்த ஜெல்களைக் கலந்த ஆய்வுகளில், ஒரு மணி நேரத்திற்குள் நகர்திறன் 60 முதல் 100 சதவீதம் வரை வீழ்ந்தது. ஆலிவ் எண்ணெயும் உமிழ்நீரும் 6.25 சதவீதம் அளவுக்கு நீர்த்த நிலையிலேயே நகர்திறனைப் பாதித்தன. கனோலா எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிப் பாதிக்கவில்லை. ஹைட்ராக்ஸிஎத்தில் செல்லுலோஸ் என்ற கெட்டியாக்கும் பொருளை அடிப்படையாகக் கொண்டு, விந்தணுவுக்கு ஏற்ற பி.எச்., செறிவு ஆகியவற்றோடு தயாரிக்கப்பட்ட ப்ரீ-சீட் போன்ற ஜெல்களும் குறிப்பிடத்தக்க பாதிப்பைக் காட்டவில்லை. இவற்றைத் தொகுத்துக் கூறும் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம், லூப்ரிகன்ட் தேவைப்படுபவர்களுக்குப் பல ஆண்டுகளாக இந்த மூன்று வகைகளையே பரிந்துரைத்து வந்திருக்கிறது.

இதோடு நிறுத்திக்கொண்டால் சாதாரண ஜெல் ஏறக்குறைய ஒரு கருத்தடைப் பொருள் என்றே தோன்றும். ஆனால் 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 30 முதல் 44 வயது வரையிலான, முயற்சியைத் தொடங்கிச் சில மாதங்களே ஆன 296 பெண்களைத் தொடர்ந்து கவனித்தபோது, லூப்ரிகன்ட் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் இடையே கருத்தரிக்கும் வாய்ப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பின்னர் டென்மார்க்கிலும் வட அமெரிக்காவிலும் 6,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு நீர், சிலிக்கோன், எண்ணெய் என வகை பிரித்தே பார்த்தது; அதிலும் லூப்ரிகன்ட் பயன்பாடு கருத்தரிப்பைத் தாமதப்படுத்தியதாகத் தெரியவில்லை.

இந்த இரண்டு பதில்களும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. கிண்ணத்தில் இருக்கும் விந்தணு தப்பிப் போக வழியின்றி ஒரு மணி நேரம் ஜெல்லுக்குள்ளேயே கிடக்கிறது. உடலில் அது சில நிமிடங்களில் கருப்பைவாய்ச் சளிக்குள் போய்விடலாம். ஜெல்லும் பெரும்பாலும் யோனியின் வாயிலை ஒட்டியே தடவப்படுகிறது; விந்து சேர்வதோ உட்பகுதியில். ஒரு முறையில் வெளிவரும் விந்தணுக்கள் கோடிக்கணக்கில் இருப்பதால், அவற்றில் ஒரு பகுதி ஜெல்லில் சிக்கி மடிந்தாலும் மீதி போதும். வலியின்றி உறவு கொள்ள முடிந்தவர்கள் உறவைத் தவிர்க்காமல் இருப்பதும் கணக்கில் சேரும் என்று நான் கருதுகிறேன், ஏனெனில் நிகழாத உறவைவிடக் கருத்தரிப்புக்குத் தடையானது வேறொன்றும் இல்லை.

ஆனால் இந்த ஆறுதலுக்கு ஓர் எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மேற்சொன்ன ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் குழந்தையின்மைப் பிரச்சினை இருப்பதாக அறியப்படாதவர்கள். விந்தணு எண்ணிக்கையோ நகர்திறனோ ஏற்கெனவே குறைவாக உள்ள ஆணின் துணைவிக்கு அதே முடிவு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. கோடியில் ஒரு பகுதி போனால் பாதகமில்லை. கையிருப்பே சொற்பமாக இருக்கும்போது கொஞ்சம் இழப்பதும் கணிசமான இழப்பாகிவிடும்.

கைக்கெட்டும் வழிகள்

ஒன்றுமே பயன்படுத்தாமல் இருப்பது முதல் வழி. போதிய ஈரம் தானாகவே வருகிறது என்றால் எதையும் வாங்க வேண்டியதில்லை. 'கருத்தரிப்புக்கு உகந்தது' என்று உறையில் இருப்பதைப் படித்து, அதைத் தடவினால் வாய்ப்பு கூடும் என நம்பிப் பலர் வாங்குகிறார்கள். அந்தச் சொல்லுக்கு விந்தணுவுக்குத் தீங்கு செய்யாது என்பதே பொருள். கருத்தரிக்க உதவும் என்பது அல்ல. எந்த லூப்ரிகன்ட்டும் கருத்தரிக்கும் வாய்ப்பைக் கூட்டும் என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. கன்சீவ் ப்ளஸ் போன்ற சில ஜெல்களில் கால்சியம், மெக்னீசியம் அயனிகள் சேர்க்கப்பட்டுள்ளன. விந்தணுவின் செயல்பாட்டில் இந்த அயனிகளுக்குப் பங்கு உண்டு என்பது உண்மைதான், ஆனால் அதிலிருந்து அந்த ஜெல் கருத்தரிக்க வைக்கும் என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது.

விந்தணுவுக்கு உகந்ததாகச் சோதிக்கப்பட்ட ஜெல் இரண்டாவது வழி. தேவை இருப்பவர்களுக்கு என் முதல் தேர்வும் இதுதான். இந்த வகையில் உறையின் வாசகத்தைவிட அதன் பின்னால் உள்ள சோதனையே கவனிக்கத்தக்கது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், விந்தணு, கருமுட்டை, கரு ஆகியவற்றுக்குத் தீங்கற்ற லூப்ரிகன்ட்களைத் தனி வகையாகப் பிரித்து அனுமதி தருகிறது. அதற்கு மனித விந்தணுக்கள் அந்த ஜெல்லின் தொடர்பில் உயிரோடு நீந்துகின்றனவா என்பதையும், சுண்டெலியின் தொடக்கநிலைக் கருக்கள் அதன் தொடர்பில் இயல்பாக வளர்கின்றனவா என்பதையும் சோதித்துக் காட்ட வேண்டும். அத்தகைய அனுமதி பெற்ற ஜெல்லுக்கும், 'இயற்கையானது', 'மென்மையானது' என்று மட்டும் அச்சிட்ட ஜெல்லுக்கும் உள்ள தூரம் பெரிது. பொருட்பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் போதாது, ஏனெனில் ஹைட்ராக்ஸிஎத்தில் செல்லுலோஸ் சாதாரண ஜெல்களிலும் இருக்கும். அதோடு சேர்ந்திருக்கும் கிளிசரினின் அளவுதான் வித்தியாசத்தை உண்டாக்குகிறது. இந்த வகையிலும் குறை இல்லாமல் இல்லை. சிலவற்றில் பாரபென் என்ற பதப்படுத்தும் பொருள் உண்டு. தோல் எளிதில் எரிச்சலடைபவர்கள் முதலில் கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்ப்பது நல்லது.

கடையில் எளிதாகக் கிடைக்கும் சாதாரண நீர் சார்ந்த ஜெல் மூன்றாவது. இதுவே பழகிப்போனது, வேறொன்று கைவசம் இல்லை, விந்துப் பரிசோதனையிலும் குறை எதுவும் இல்லை என்றால், அதைப் பயன்படுத்தியதற்காகவோ பயன்படுத்துவதற்காகவோ கலங்க வேண்டியதில்லை. கடந்த மாதங்களில் கரு தங்காமல் போனதற்கு அந்த ஜெல்தான் காரணம் என்று தன்னையே குற்றம் சாட்டிக்கொள்ளும் பெண்களுக்கு, மேலே சொன்ன ஆய்வுகள் அதற்கு இடம் தரவில்லை என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். எனினும் அடுத்த முறை வாங்கும்போது சோதிக்கப்பட்ட வகைக்கு மாறுவதே அறிவுடைமை. சூடு அல்லது குளிர்ச்சி உணர்வு தரும் ஜெல்களையும், வாசனை சேர்த்தவற்றையும் இந்தக் காலத்தில் ஒதுக்கிவிடலாம். விந்தணுக்கொல்லியான நோனாக்ஸினால்-9 சேர்க்கப்பட்டவற்றை முற்றிலும் தவிர்க்க வேண்டும். அவை கருத்தடைக்காகவே செய்யப்பட்டவை. கிருமிநாசினியான குளோர்ஹெக்ஸிடின் சேர்ந்த மருத்துவ ஜெல்களும் இந்தப் பயன்பாட்டுக்கு உரியவை அல்ல.

எண்ணெய்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வீட்டில் இருக்கும் பொருள் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை ஆழமானது. எல்லா எண்ணெயும் விந்தணுவுக்கு ஒன்றல்ல என்பதை ஆலிவ் எண்ணெயும் கனோலா எண்ணெயும் எதிரெதிரான முடிவுகளைத் தந்ததிலிருந்தே அறியலாம். மினரல் ஆயில் விந்தணுவைப் பாதிக்கவில்லை என்பது சரி. ஆனால் எண்ணெய்ப் பசை யோனியிலிருந்து எளிதில் கழுவிப் போவதில்லை. பெட்ரோலியம் ஜெல்லியை யோனிக்குள் பயன்படுத்தும் பெண்களிடம் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்ற கிருமிச் சமநிலைக் கோளாறு கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது; எண்ணெய் பயன்படுத்துபவர்களிடம் பூஞ்சைத் தொற்றுக்கான கேண்டிடாவும் அப்படியே. தொற்று வந்தால் அரிப்பும் எரிச்சலும் சேர்ந்து அந்த மாத முயற்சியே தடைப்படும். ஆகவே விந்தணுவின் பக்கம் நின்று பார்த்தால் மட்டுமே எண்ணெய் நல்ல தேர்வு. பெண்ணின் உடல்நலத்தையும் சேர்த்துப் பார்த்தால் அது ஒரு படி பின்னுக்குப் போகிறது.

சிலிக்கோன் ஜெல் நீரில் கரைவதில்லை. நெடுநேரம் உலராமல் இருக்கும். கடுமையான வறட்சி உள்ளவர்களுக்கு அதன் இதம் வேறு எதிலும் கிடைப்பதில்லை. மனிதர்களிடம் நடந்த ஆய்வில் அது கருத்தரிப்பைக் கெடுத்ததாகவும் தெரியவில்லை. ஆனால் கருத்தரிப்புக்கென்று தனியே சோதித்து அனுமதி பெற்ற ஜெல்கள் கிடைக்கும்போது அதை முன்னிறுத்த எனக்குக் காரணம் தென்படவில்லை.

உமிழ்நீர் வேண்டாம். அதிலுள்ள நொதிகளும் அதன் குறைந்த செறிவும் விந்தணுவுக்கு ஒவ்வாதவை. பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப் பயன்படுத்தச் சொல்லும் ஆலோசனையும் உலவுகிறது. கருப்பைவாய்ச் சளியோடு தோற்றத்தில் ஒத்திருப்பதுதான் அதற்கு அடிப்படையே தவிர, அதன் பலனுக்குச் சான்று இல்லை. சால்மொனெல்லா கிருமியின் ஆபத்தையும் ஒவ்வாமையையும் நினைத்தால் அதை உடலுக்குள் செலுத்துவது தகாது.

யாருக்கு எது

முயற்சி தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருக்கின்றன, இருவருக்கும் தெரிந்த குறை எதுவுமில்லை, எப்போதாவது வறட்சி வருகிறது என்ற நிலையில், இந்த முடிவின் எடை மிகக் குறைவு. சோதிக்கப்பட்ட ஜெல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு தேவைப்படும் நாளில் மட்டும் பயன்படுத்தலாம். அது தீர்ந்துபோன இரவில் சாதாரண ஜெல்லைப் பயன்படுத்துவதா, உறவையே தள்ளிப்போடுவதா என்ற கேள்வி எழுந்தால், முதலாவதையே தேர்ந்தெடுக்கலாம். விந்தணு எண்ணிக்கை அல்லது நகர்திறன் குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தவர்களும், மாதவிடாய் ஒழுங்கின்றி வருவதால் ஆண்டுக்குச் சில வாய்ப்புகளே கிடைப்பவர்களும், வயது ஏறிவிட்டதால் ஒவ்வொரு மாதமும் முக்கியம் என்றிருப்பவர்களும் இதில் தளர்வு காட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. அவர்களுக்குச் சோதிக்கப்பட்ட ஜெல் அல்லது ஒன்றுமில்லாமை, இரண்டில் ஒன்றுதான்.

பயன்படுத்தும் முறையிலும் கவனம் தேவை. எந்த ஜெல்லாக இருந்தாலும் தேவையான அளவுக்கு மட்டும், முடிந்தவரை வெளிப்புறத்திலும் யோனியின் வாயிலிலும் தடவினால் போதும். உள்ளே செலுத்தும் குழாயோடு வரும் சோதிக்கப்பட்ட ஜெல்களில், உறையில் குறிப்பிட்ட அளவைத் தாண்ட வேண்டியதில்லை. கருப்பைவாய்ச் சளியின் தன்மையைப் பார்த்துக் கருவளமான நாட்களைக் கணிக்கும் பெண்கள், ஜெல்லின் மிச்சத்தை அந்தச் சளி என்று தவறாகக் கொள்ளக்கூடும். உறவு கொண்ட மறுநாளின் கவனிப்பை அப்படியே நம்பாமல், சினைமுட்டை வெளிப்படுவதைத் தூண்டும் எல்.எச். ஹார்மோனைச் சிறுநீரில் காட்டும் பரிசோதனைப் பட்டையையும் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது. விந்துப் பரிசோதனைக்காக மாதிரி எடுக்கும்போது எந்த லூப்ரிகன்ட்டும், உமிழ்நீர் உட்பட, கூடாது. முடிவு தவறாக வந்து தேவையற்ற சிகிச்சைக்கு இட்டுச் செல்லலாம். செயற்கை முறையில் விந்து செலுத்தும் சிகிச்சைக்கோ சோதனைக்குழாய் முறைக்கோ மாதிரி தரும்போது ஏதேனும் தேவைப்பட்டால், மையத்தில் கேட்டு அவர்கள் அனுமதிப்பதை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

ஜெல் தடவியும் வலி குறையவில்லை என்றால், அது ஜெல்லை மாற்றித் தீர்க்கும் விஷயம் அல்ல. கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், பூஞ்சைத் தொற்று, யோனித் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளும் வஜைனிஸ்மஸ் எனப் பல காரணங்கள் இருக்கலாம். இவற்றில் எண்டோமெட்ரியோசிஸ் கருத்தரிப்பையே பாதிக்கக்கூடியது. பெண்ணின் வயது 35-க்குக் கீழ் என்றால் ஓராண்டு முயற்சிக்குப் பிறகும், 35-ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திற்குப் பிறகும் மருத்துவரைப் பார்ப்பது வழக்கமான அறிவுரை. வலி இருப்பவர்கள் அந்தக் கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். மகப்பேறு மருத்துவரிடம் மாதவிடாய்த் தேதிகளைச் சொல்லும் அதே மூச்சில், உறவின்போது வலிக்கிறது என்பதையும், எந்த ஜெல்லைப் பயன்படுத்துகிறோம் என்பதையும் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் கேட்கவில்லை என்றாலும்.